பறி என்றால் பொன்

ஏ113 என்பது அனிமேஷன் கலைஞர்கள் பலர் படித்த வகுப்பறையின் எண் என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிக்சார் படம் வெளியான வாரமே அந்த எண் எந்தக் காட்சியில், எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும் பட்டியல்கள் வந்துவிடுகின்றன. பீட்சா பிளானட் வண்டி எங்கே, சிவப்பு நட்சத்திரம் போட்ட மஞ்சள் பந்து எங்கே, அடுத்த படத்தின் கதாபாத்திரம் எந்த அலமாரியில் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறது என்று பட்டியல் நீளும். படம் எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. விளையாட்டுதானே என்று நானும் பல வருஷம் பேசாமல் இருந்தேன். இப்போது விளையாட்டுக்கு நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் நண்பர் ஒருவர், பிள்ளைகளுக்குக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் வர இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று சாதித்தார். தங்களை உருவாக்கிய வகுப்பறைக்கு அந்தக் கலைஞர்கள் செய்யும் குருவணக்கம் அது என்றும் சேர்த்துக்கொண்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நொடிக்கு 24 சட்டகம் என்று கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 சட்டகங்கள். அதில் வரும் கார்களின் நம்பர் பிளேட்டிலும் கதவுகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஏதாவது எழுதியாக வேண்டும். மற்றப் படங்களில் கேமரா வைத்த தெருவே அதை எழுதித் தந்துவிடும். அனிமேஷனில் யாராவது உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும். மாதக்கணக்கில் அந்த வேலையில் கிடப்பவர் தன் பழைய வகுப்பறை எண்ணை எழுதி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இயக்குநர் ப்ராட் பேர்ட் 1987இல் 'ஃபேமிலி டாக்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் அதைக் கார் எண்ணாக வைத்தபோதும், 1995இன் 'டாய் ஸ்டோரி'யில் ஆண்டியின் அம்மா ஓட்டும் வேனில் அது வந்தபோதும் கூடப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது கார் எண்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதே 'டாய் ஸ்டோரி'யில் பொம்மைகளைச் சித்திரவதை செய்யும் சிட் வீட்டு மாடியில் விரித்திருக்கும் கம்பளம், ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்து ஓட்டலில் இருந்து வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவருக்குக் கம்பளத்தைக் கண்டதும் முதுகு சில்லிடும். உட்டி, பஸ் என்ற பொம்மைகள் மாட்டிக்கொண்ட வீடு எப்படிப்பட்டது என்று கம்பளமே சொல்லிவிடுகிறது. பார்க்காத பிள்ளைக்கும் அந்த நிறங்களே பயத்தை உண்டாக்கும். இங்கே மறைபொருள் காட்சிக்குள் வேலை செய்கிறது. அதே குப்ரிக் பைத்தியம் 2010இன் 'டாய் ஸ்டோரி 3'இல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஓட்டலில் பயங்கரம் நடந்த அறையின் எண் 237. அது குப்பை லாரியின் நம்பர் பிளேட்டில் ஆர்.எம்.237 என்று வருகிறது. லாரி கூடுதலாகப் பயமுறுத்தவில்லை, குப்பைக்குப் புதிதாக ஓர் அர்த்தமும் வரவில்லை. இயக்குநர் லீ அன்க்ரிச்சுக்கு 'தி ஷைனிங்' பிடிக்கும் என்ற செய்தி மட்டும் கிடைக்கிறது. கம்பளத்துக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் என் புகார் முழுவதும்.

இந்தத் தூரத்தை அளக்க நம்மிடம் பழைய சொற்கள் இரண்டு இருக்கின்றன. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர் என்று இலக்கண வகுப்பில் ஒப்பித்திருப்போம். நன்னூல் இதைக் குழூஉக்குறி என்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்குப் புரியக்கூடாது. 'பறி'யின் வேலையே அதுதான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் அதே இனம். இன்னொரு சொல் உள்ளுறை. மருதநிலப் பாட்டில் எருமை தாமரையை மிதித்துச் சிதைத்துக்கொண்டு வயலுக்குள் போகும். அது எருமைதான், ஆனால் பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தலைவன் வாசலில் நிற்கிறான் என்பது தெரிந்தவருக்கு எருமை வேறு கதை சொல்லும். உள்ளுறையை அவிழ்க்கத் தனியாக ஒருவரிடம் பழக வேண்டியதில்லை. பாட்டையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். குழூஉக்குறியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவிழாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிட் வீட்டுக் கம்பளம் உள்ளுறைக்குப் பக்கத்தில் வருகிறது. ஏ113 சுத்தமான குழூஉக்குறி. குழூஉக்குறியாக இருப்பது குற்றமா? இல்லை. அதை உள்ளுறை என்று விற்பதுதான் குற்றம். இன்னும் கறாராகப் பார்த்தால், 'சொல்விளம்பி'யில் வேடனின் குறும்பாவது இருக்கிறது. கள் உள்ளே போனால் வாய் திறந்துகொள்ளும் என்ற அனுபவம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஏ113இல் ஒரு கட்டடத்தின் பகுதி எழுத்தும் அறை எண்ணும் இருக்கின்றன.

கூர்ந்து பார்க்கக் கற்றுத்தருகிறது என்ற வாதத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் இந்த வேட்டையில் தேர்ந்தவன். ஒருநாள் அவனோடு உட்கார்ந்து 'வால்-ஈ' பார்த்தேன். ஏ113க்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் துருப்புச்சீட்டாக இறக்கும் படம் அது. ஏனென்றால் 2008இல் வந்த அந்தப் படத்தில் எண் மூலையில் ஒளிந்திருக்கவில்லை. கதையின் நடுவிலேயே நிற்கிறது. மனிதர்கள் ஏழு நூற்றாண்டாகக் கப்பலில் மிதக்கிறார்கள். பூமியில் செடி முளைத்துவிட்டது, திரும்பலாம் என்கிறார் கேப்டன். கப்பலை ஓட்டும் இயந்திரம் மறுக்கிறது. ஏன் என்று வற்புறுத்தியதும் மறைத்து வைத்திருந்த பழைய செய்தியைக் காட்டுகிறது. பூமியைச் சுத்தப்படுத்தும் வேலை தோற்றுவிட்டது, யாரும் திரும்பி வர வேண்டாம் என்று அந்தக் காலத்தில் உலகத்தையே நடத்திக்கொண்டிருந்த நிறுவனத்தின் தலைவர் இட்ட கட்டளை. அதன் பெயர் ஏ113. அந்தக் கப்பலில் பிறந்து செத்த அத்தனை தலைமுறையிடமும் மறைக்கப்பட்ட உண்மை வெளிவரும் நேரம் அது. இயந்திரம் எண்ணை உச்சரித்ததும் பையன் துள்ளி எழுந்து படத்தை நிறுத்தினான். "மாமா, கேட்டீங்களா!" முகமெல்லாம் வெற்றி. மறுபடி ஓடவிட்டபோது கேப்டனின் முகம் மாறுவதை அவன் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் பார்க்கவில்லை.

அறியாதவருக்கு ஒன்றும் குறையவில்லையே என்பது வழக்கமான சமாதானம். அது உண்மைதான். நஷ்டம் அறிந்தவருக்கு. கதைக்குள் இருந்தவனைத் தோளைத் தட்டி வெளியே கூப்பிட்டு, "இது எங்கள் வகுப்பறை எண், தெரியுமா?" என்று காதில் சொல்கிறார்கள். ஆண்ட்ரூ ஸ்டான்டன் நல்ல இயக்குநர்; அந்தப் படத்தின் முதல் பகுதியில் பேச்சே இல்லாமல் ஒரு குப்பை அள்ளும் இயந்திரத்தின் தனிமையைக் காட்டியவர். அதே கை இந்த இடத்தில் ஏன் நடுங்கியது என்று எனக்குப் புரியவே இல்லை. நம்பர் பிளேட்டில் இருந்தவரை அது பின்னணி. கதையின் கனமான நொடியில் ஏற்றி வைத்ததும் அது தொந்தரவு.

தேடுவதைப் பார்ப்பது என்று எண்ணிக்கொள்வதில்தான் என் நண்பர் தவறுகிறார். கோயில் வாசலில் தொலைந்த செருப்பைத் தேடுகிறவன் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. அவன் கண் கூர்மையாக இல்லாமல் இல்லை. மிகவும் கூர்மையாகத்தான் இருக்கிறது, செருப்பின் மீது. என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு பார்க்கிறவனுக்கு அதைத் தவிர எதுவும் கிடைக்காது. 2009இன் 'அப்' படத்தில் நீதிமன்ற அறையின் எண் ஏ113. எந்தப் பட்டியலை எடுத்தாலும் இருக்கும். அதே படத்தில் கிழவர் கார்ல் முழுக்கச் சதுரம்: தலை, தாடை, கண்ணாடி, நாற்காலி எல்லாம். அவர் மனைவி எல்லி வளைவு; அவள் நாற்காலியின் முதுகும் வளைவு. அவள் இறந்த பிறகு அந்த இரண்டு நாற்காலிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றில் கார்ல் உட்கார்கிறார். இன்னொன்றைப் படம் காலியாக வைத்திருக்கிறது. வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அந்த வளைவு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், ஏன் நெஞ்சு கனக்கிறது என்று தெரியாது. ஒளித்து வைக்காமல் நடுக்கூடத்தில் போட்டு வைத்த ரகசியம் இது. இதற்கு யாரும் சிவப்பு வட்டம் போடுவதில்லை, ஏனென்றால் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் கிடையாது. புரிந்துகொள்ளத்தான் இருக்கிறது. நண்பர் தன் வகுப்பில் காட்ட வேண்டியது இந்த நாற்காலியை.

எண் என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1995இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுவார். பின்னால் காற்றில் ஒரு சமன்பாடு மிதக்கும்: 1782இன் 12ஆம் அடுக்கையும் 1841இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 1922இன் 12ஆம் அடுக்கு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தின்படி இப்படி ஒரு சமன்பாடு இருக்கவே முடியாது. ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சேறிய ஆண்டும் 1995தான். சாதாரண கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் திரையில் தெரியும் இலக்கங்கள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். வயிற்றில் புளியைக் கரைக்கும். பிறகு கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். 1782 இரட்டைப்படை, 1841 ஒற்றைப்படை; அவற்றின் அடுக்குகளைக் கூட்டினால் ஒற்றைப்படைதான் வர முடியும். 1922 இரட்டைப்படை. எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடலாம். இந்த எண்களை எழுதிய டேவிட் கோஹனை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாம், அவர் எங்கே படித்தார் என்பதும் வேண்டாம். நகைச்சுவை எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கோஹன் பிறகு 'ஃபியூச்சுராமா'வுக்குப் போனார். அங்கே 1729 அடிக்கடி தலைகாட்டும்: பெண்டர் என்ற ரோபோவின் தாய் இயந்திரம் அனுப்பும் வாழ்த்து அட்டையில் அவன் 1729ஆவது மகன், ஒரு விண்கப்பலின் பக்கத்திலும் அதே எண். நமக்கு அந்த எண்ணைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்னி மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனிடம், வந்த டாக்சியின் எண் சுவாரசியமற்றது என்றார் ஹார்டி. இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று உடனே சொன்னார் ராமானுஜன். 1728உம் 1உம், 1000உம் 729உம். கணிதக்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்சிமிட்டிக்கொள்வதால் இதுவும் குழூஉக்குறிதானே என்று கேட்கலாம். தட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 1729ஐத் தட்டினால் கதவுக்குப் பின்னால் ஓர் அழகான உண்மை இருக்கிறது. ஹார்டி தவறவிட்டு, ராமானுஜன் பிடித்த உண்மை. ஏ113ஐத் தட்டினால் வகுப்பறை திறக்கிறது, உள்ளே நமக்கு இடமில்லை. அதே தொடரில் 2010இல் கென் கீலர் எழுதிய அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போனது. உடல்களை மாற்றிக்கொள்ளும் இயந்திரத்தால் எல்லோரும் எல்லோருடைய உடலிலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருமுறை மாறிய ஜோடி மறுபடி நேராக மாற முடியாது. எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தால் அனைவரையும் அவரவர் உடலுக்குத் திருப்பிவிடலாம் என்று கீலர் உண்மையாகவே ஒரு தேற்றத்தை நிரூபித்து, கதை முடிச்சை அதைக் கொண்டு அவிழ்த்தார். 'கிராவிட்டி ஃபால்ஸ்' தொடரின் முடிவுப் பட்டியலில் வந்த எழுத்துப் புதிர்களும் இந்த வகைதான். சீசர் கையாண்டதாகச் சொல்லப்படும் எழுத்து நகர்த்தலில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். உட்கார்ந்து அவிழ்த்த பிள்ளைக்கு ஒரு வாக்கியம் கூலியாகக் கிடைக்கும்.

ஏ113 வேட்டைக்குக் கிடைக்கும் கூலி, 'எனக்கும் தெரியும்' என்ற பெருமிதம். அதை நான் கேலி செய்யவில்லை. நானும் தேடியிருக்கிறேன், 'டாய் ஸ்டோரி 2'இல் விமான நிலைய ஒலிபெருக்கி அந்த எண்ணை அறிவிக்கும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவன்தான். அப்போது ஓர் உள்ளறைக்குள் அனுமதிக்கப்பட்டது போல இருந்தது. யார் அனுமதித்தார்கள், எதற்கு என்று கேட்கத் தோன்ற எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

இந்த ஒளிவுமறைவுக்கு ஈஸ்டர் முட்டை என்று பெயர் வந்த கதை இங்கே உதவும். 1980இல் விற்பனைக்கு வந்த 'அட்வென்ச்சர்' என்ற அட்டாரி விளையாட்டை வாரன் ராபினெட் என்பவர் தனியாளாக எழுதினார். விளையாட்டுகளில் எழுதியவர் பெயரைப் போடுவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. ராபினெட் பின்னணியின் அதே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். அதைக் கண்டெடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு ரகசிய அறை திறந்து அவர் பெயர் மின்னும். யாரிடமும் மூச்சுவிடாமல் வேலையை விட்டும் போய்விட்டார். ஒரு பையன் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. அங்கே ஒளித்து வைக்கக் காரணம் இருந்தது. வெளிப்படையாகக் கையெழுத்துப் போடும் உரிமை மறுக்கப்பட்டவனின் கையெழுத்து அது. விஷயம் வெளிவந்ததும் நிறுவனம் என்ன செய்தது? நீக்குவது செலவு, இதை ஈஸ்டர் முட்டை என்று சொல்லி வாடிக்கையாளரைத் தேடவிடலாம் என்று முடிவு செய்தது. பெயர் வைத்த அன்றே முட்டை அவித்த முட்டை ஆகிவிட்டது.

உண்மையாகவே ரகசியமாக நுழைந்தது எப்படி நடத்தப்படும் என்பதற்குப் பிக்சாரை வாங்கிய டிஸ்னியிடமே சான்று இருக்கிறது. 1977இன் 'தி ரெஸ்க்யூவர்ஸ்' படத்தில் இரண்டே சட்டகங்களில், ஜன்னல் ஒன்றின் பின்னணியில், ஆடையில்லாத பெண்ணின் புகைப்படம் புகுந்திருந்தது. 1999 ஜனவரியில் அது தெரியவந்ததும் 34 லட்சம் வீடியோ நாடாக்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. அங்கீகாரம் இல்லாத முட்டை என்றால் 34 லட்சம் நாடாவைக் கூடச் சுமந்துகொண்டு வருவார்கள். ஏ113க்கு அப்படி எந்த ஆபத்தும் வந்ததில்லை. அது முதலாளிகளின் கையெழுத்து. ஜான் லாசெட்டர், ப்ராட் பேர்ட், ஸ்டான்டன் என்று பெயர்ப் பட்டியலின் தலையில் பெரிய எழுத்தில் வருகிறவர்களின் கல்லூரி எண். பெயர் போட மறுக்கப்பட்டவனின் உத்தியை, பெயர் போட்டது போதாதவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனால் விற்பனையை எப்படி மறப்பது? 2001இன் 'மான்ஸ்டர்ஸ் இன்க்'கில் பிரிவு நேரம் வருகிறது. பூ என்ற சின்னக் குழந்தை தன் அறைக்கு வந்துவிட்டாள். நிரந்தரமாகப் பிரியப்போகும் சல்லியிடம் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறாள். குழந்தை தன் உடைமையைக் காட்டி ஒருவரை நிறுத்தி வைக்கப் பார்க்கும் தருணம்; பார்க்கிறவர் தொண்டை அடைக்கும். அவள் கையில் உள்ளவை எவை? 'டாய் ஸ்டோரி 2'இன் ஜெஸ்ஸி, நிறுவனத்தின் மஞ்சள் பந்து, பிறகு ஓர் ஆரஞ்சு மீன். அந்த மீனுடைய படம் வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும் பிள்ளை "நீமோ!" என்று கத்துகிறது. பூவின் கை யாருக்கும் தெரிவதில்லை. 2017 ஜனவரியில் எல்லாப் படங்களுக்கும் நடுவிலுள்ள இந்த இணைப்புகளை வரிசையாகக் கோத்து டிஸ்னியே ஒரு காணொளி வெளியிட்டது. பொற்கொல்லர் வாடிக்கையாளரைக் கடைக்குள் கூப்பிட்டு, "பறி என்றால் பொன்" என்று ரகசியம் சொன்னது போல. வாடிக்கையாளருக்குத் தானும் பொற்கொல்லன் ஆகிவிட்டதாகப் பெருமை. நகை விலை குறைந்ததாகத் தெரியவில்லை.

இதன் கடைசி நிலையம் நூற்றாண்டு நினைவாக 2023இல் வந்த 'விஷ்'. நாயகியின் ஏழு நண்பர்கள் ஏழு குள்ளர்களின் சாயல், கெட்ட அரசனின் முடிவு கண்ணாடிக்குள், கடைசியில் பெயர்கள் ஓடும்போது பழைய படங்களின் உருவங்கள். மூலையில் இருந்தது பரவிப் பரவிக் கூடத்தை நிறைத்துவிட்டது. கதைக்கு நிற்க இடமில்லை. பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க எனக்கு நினைவு வந்தவை வேறு படங்கள். அதுதான் நோக்கம் என்று பாராட்டியவர்களும் உண்டு.

மிச்சம் இருப்பது குருவணக்கம். கால்ஆர்ட்ஸ் என்ற கலிஃபோர்னியக் கலைக் கல்லூரியில் 1975இல் தொடங்கிய அனிமேஷன் வகுப்பு உண்மையாகவே பெரிய விஷயம். டிஸ்னியின் பழைய தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த நேரம். ஜாக் ஹன்னா, கென் ஓ'கானர், டி. ஹீ போன்ற மூத்தவர்களும் வடிவமைப்பு சொல்லித்தந்த பில் மூரும் தங்களுக்குத் தெரிந்ததை அங்கே இளைஞர்கள் கையில் இறக்கி வைத்தார்கள். லாசெட்டர், பேர்ட், ஜான் மஸ்கர், ஹென்றி செலிக், டிம் பர்ட்டன் எல்லோரும் அந்தத் தலைமுறை மாணவர்கள். அப்படியானால் வணக்கம் யாருக்கு? குருவணக்கம் என்றால் நமக்குத் தெரிந்த வரையில் குருவின் பெயர் வரும். பாடத் தொடங்குமுன் பாட்டுக்காரர் ஆசிரியர் பெயரைத்தான் சொல்வார்; ஆசிரியர் வீட்டுக் கதவு இலக்கத்தைச் சொல்வதில்லை. ஏ113ஐத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பில் மூரைத் தெரிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அறை எண் அங்கே இருந்த மாணவர்களை மட்டுமே அடையாளம் காட்டுகிறது. பழைய மாணவர் சங்கத்தின் சட்டைப்பை வில்லை அது.

சங்கம் என்றால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றவாவது செய்யும் என்று எதிர்பார்க்கலாம். 2012இன் 'பிரேவ்' பத்தாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் நடப்பதாகப் பாவனை. நம்பர் பிளேட் கிடையாது. அதனால் ஏ113ஐ ரோமன் எண்ணாக்கி, சூனியக்காரியின் குடிசைக் கதவுக்கு மேலே செதுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு சிரத்தை! அந்தப் படம் பிரெண்டா சாப்மனுடையது. தன் மகளோடு தனக்கு இருந்த உரசலில் இருந்து அவர் உருவாக்கிய கதை. அவரும் கால்ஆர்ட்ஸில் அதே அனிமேஷன் துறையில் படித்தவர். 1998இல் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தை இயக்கியவர்களில் ஒருவர். பிக்சாரில் ஒரு முழுநீளப் படம் இயக்க அமர்த்தப்பட்ட முதல் பெண். 2010இல் படம் பாதியில் இருக்கும்போது அவரை விலக்கிவிட்டு மார்க் ஆண்ட்ரூஸிடம் கொடுத்தார்கள். கலைக் கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம். ஸ்டுடியோக்களில் இயக்குநர் மாறுவது புதிதில்லை. இந்த எண்ணோடு அதற்குச் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அந்தக் கதவைச் சம்பந்தமில்லாமல் பார்க்க முடியவில்லை.

படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2013 பிப்ரவரியில் ஆண்ட்ரூஸும் சாப்மனும் சேர்ந்தே மேடையேறி வாங்கினார்கள். நண்பர் அடுத்த முறை வகுப்பில் 'பிரேவ்' போட்டு, குடிசை வாசலில் படத்தை நிறுத்தி, பிள்ளைகளிடம் கதவுக்கு மேலே என்ன தெரிகிறது என்று கேட்கும்போது, அதைச் செதுக்கிய நேரத்தில் யார் வெளியே நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பேருந்துக்கு நேரமாகாத நாளாகப் பார்த்து அவரிடம் கேட்க வேண்டும்.